“அரைக் கட்டை இறக்குங்கள்”

மேடையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். பாடுகிறவர் மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொள்வார். முகத்தில் சிரிப்பு மாறாது, உதடு மட்டும் லேசாக அசையும்: “அண்ணே, அரைக் கட்டை இறக்குங்கள்.” சுருதி தொண்டைக்கு எட்டவில்லை, கொஞ்சம் தாழ்த்துங்கள் என்று அர்த்தம். பல்லவி முடிந்து இடையிசை ஓடிக்கொண்டிருக்கும். சரணத்துக்கு இன்னும் பத்து நொடிதான். கிட்டார்காரர் என்னைப் பார்ப்பார், நான் பேஸ் வாசிப்பவரைப் பார்ப்பேன், அவர் பந்தலின் மேல்துணியைப் பார்ப்பார்.

இந்தப் பத்து நொடி வராமலே இருக்க என்ன செய்யலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். பாட்டின் நடுவில் வேண்டுமென்றே சுருதியை மாற்றுவது எப்படி என்பதும் இதில் உண்டு. மெல்லிசைக் குழுக்களில் முப்பது வருடத்துக்கு மேலாகக் கீபோர்டு வாசிக்கிறேன், அதற்கு முன் ஆர்மோனியம். கற்றுக்கொடுத்தவர் என் தாய்மாமன். புதுக்கோட்டை வட்டாரத்தில் ஸ்பெஷல் நாடகங்களுக்குப் பின்பாட்டு வாசித்தவர். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணத்தில் நாரதர் ஒரு சுருதி, வள்ளி ஒரு சுருதி, வேலன் வேறொரு சுருதி. தர்க்கம் சூடு பிடிக்கும்போது மூவரும் மாறி மாறி எடுப்பார்கள். மாமா வெற்றிலையை மென்றுகொண்டே கட்டை மாறிக்கொண்டிருப்பார். எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் அரைத் தூக்கத்தில் உட்கார்ந்து கேட்டது.

கட்டைக் கணக்கும் அதில் உள்ள கண்ணியும்

கட்டை என்பது ஆர்மோனியத்திலும் கீபோர்டிலும் விரல் அழுத்தும் பட்டை. பாட்டின் ‘ச’ எந்தக் கட்டையில் விழுகிறதோ அந்த எண்தான் சுருதி. வெள்ளைக் கட்டைகளை சி-யிலிருந்து எண்ணுங்கள். சி 1, டி 2, ஈ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. இடையில் உள்ள கறுப்புக் கட்டைகள் 1½, 2½, 4½, 5½, 6½. மூன்றரை கிடையாது. ஏழரை சனிக்கு உண்டு, ஆர்மோனியத்துக்கு இல்லை.

கண்ணி இங்கேதான் இருக்கிறது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்பு இல்லாததால் அந்த இடைவெளி அரைதான். நான்கில் பாடுகிறவர் “ஒரு கட்டை இறக்குங்கள்” என்று கேட்டு நீங்கள் மூன்றுக்கு வந்தால், பெயருக்கு ஒன்று இறங்கியிருக்கிறது, தொண்டைக்கு அரைதான் இறங்கியிருக்கிறது. மூன்றில் பாடுகிறவருக்கு இரண்டு கொடுத்தால் முழுதாக இறங்கியிருக்கிறது. “போன வாரமும் ஒரு கட்டைதானே இறக்கினீர்கள், அப்போது சுகமாக இருந்ததே” என்ற சண்டையெல்லாம் இதனால் வருவது. ஆகவே கணக்குப் போடும்போது நான் கட்டையை மறந்துவிட்டுப் படியாக எண்ணுவேன். வெள்ளை, கறுப்பு பாராமல் பக்கத்துப் பக்கத்துக் கட்டை ஒவ்வொன்றும் ஒரு படி. ஒரு ஸ்தாயிக்கு, அதாவது ‘ச’-விலிருந்து அடுத்த மேல் ‘ச’ வரை, பன்னிரண்டு படி. இனி இந்தக் கட்டுரையில் படி என்றால் அதுதான்.

ஒரு படி ஏறினால் அதிர்வு எண் ஏறக்குறைய 6 விழுக்காடு கூடும். நடு ஸ்தாயி ஆறாம் கட்டை 440 என்றால் ஆறரை 466. பன்னிரண்டு முறை இப்படி ஏறினால் இரண்டு மடங்காகி மேல் ஆறு 880-இல் நிற்கும்.

கர்நாடக இசை மேடையில் ஆண்கள் பெரும்பாலும் 1 முதல் 2 வரைக்குள் பாடுவார்கள், பெண்கள் 4½ முதல் 6 வரைக்குள். இதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மைக் இல்லாத காலத்தில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி உச்சச் சுருதியில் பாடினார்கள். மைக் வந்த பிறகு தொண்டைகளெல்லாம் கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டன.

பாட்டின் ‘ச’ எங்கே இருக்கிறது?

ஒலிப்பதிவைக் கேட்டுச் சுருதி கண்டுபிடிக்க வேண்டும் என்று சொன்னால், புதிதாக வாசிக்க வருகிற பிள்ளைகள் பாட்டின் முதல் சுரத்தைப் பிடித்துக்கொண்டு “இதுதான் ச” என்கிறார்கள். பாட்டு எங்கிருந்து வேண்டுமானாலும் புறப்படலாம், வீடு திரும்பும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். பல்லவியின் முதல் வரி இரண்டாம் முறை வந்து முடியும் இடத்தில் ஒலிப்பதிவை நிறுத்துங்கள். நிறுத்தியதும் வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று முனகுங்கள். பாட்டு இத்துடன் முடிந்துவிட்டது என்று சொல்லும்படியாக ஒரு சுரத்தில் குரல் தானாகப் போய் உட்காரும். அதைக் கீபோர்டில் தேடுங்கள்.

கிடைத்ததை உடனே நம்பிவிட வேண்டாம். அந்தச் சுரத்தையும் அதற்கு மேல் ஏழாம் படியில் உள்ள பஞ்சமத்தையும் சேர்த்து, தம்புரா போலச் சன்னமாக அழுத்திக்கொண்டு பாட்டை முதலிலிருந்து ஓடவிடுங்கள். ‘ச’ சரியாக இருந்தால் ஒரு நிமிடத்தில் அந்த ஒலி பாட்டுக்குள் கரைந்துவிடும், அழுத்திக்கொண்டிருப்பதே மறந்துபோகும். தவறாக இருந்தால் சோற்றில் கல் கடித்தது போல அவ்வப்போது இடறும். பலரும் தவறுவது பஞ்சமத்தை ‘ச’ என்று எடுத்துக்கொள்வதில். இரண்டும் உறவுக்காரர்கள் என்பதால் முதல் அரை நிமிடம் பொருந்துகிற மாதிரியே இருக்கும், சரணத்தில் குட்டு வெளிப்படும்.

இன்னொரு குழப்பம், சி மேஜரா ஏ மைனரா என்பது. இரண்டுக்கும் அதே ஏழு வெள்ளைக் கட்டைகள். நம் பேச்சில் சொன்னால், மேஜர் என்பது சங்கராபரணம், மைனர் என்பது நடபைரவி; ஒன்றாம் கட்டைச் சங்கராபரணத்தின் தைவதத்தை (த) ‘ச’ ஆக்கினால் ஆறாம் கட்டை நடபைரவி. வலது கையை வைத்து இதைத் தீர்க்க முடியாது. பேஸ் எங்கே இறங்கி நிற்கிறது என்று கேளுங்கள், அதிலும் பாட்டின் கடைசித் தட்டில்.

சில பழைய பாட்டுகள் எந்தக் கட்டையிலும் உட்காராமல் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் தொங்கும். உங்கள் காதில் குறை இல்லை. யாரோ ஒலிநாடாவிலிருந்து எடுத்த பிரதியாக இருக்கும். நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டிய கேசட் நாடா 6 விழுக்காடு வேகமாக ஓடினாலே ஒரு படி ஏறிவிடும். என் வீட்டு டேப்ரிக்கார்டரில் பேட்டரி தளர்ந்தால் பாடகர்கள் எல்லாருமே அடித்தொண்டைக்காரர்கள் ஆகிவிடுவார்கள். அப்படிப்பட்ட பாட்டைப் படிக்கும்போது கீபோர்டின் டியூனிங்கை 440-இலிருந்து சற்று நகர்த்தி அதற்கு ஒத்து வைத்துக்கொள்ளலாம். படித்து முடித்ததும் மறக்காமல் 440-க்குத் திரும்பிவிடுங்கள்.

தொண்டையை அளப்பது

இந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும். பதிவில் இரண்டு கட்டை என்று கண்டுபிடித்தீர்கள் அல்லவா, அது அந்தப் பாடகருடைய கட்டை. உங்கள் மேடையில் பாடப்போகிறவர் வேறு ஆள்.

யாரிடமும் “உங்கள் சுருதி என்ன?” என்று நான் கேட்பதில்லை. கேட்டால் பன்னிரண்டு வயதில் பாட்டு டீச்சர் சொன்ன எண்ணைச் சொல்வார்கள். போன தை மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் பாட வந்த பள்ளி ஆசிரியை ஒருவரும் “ஐந்தரை, அண்ணா” என்றுதான் சொன்னார். நான் நடுவில் ஒரு சுரத்தைக் கொடுத்து ‘ஆ’ என்று பிடிக்கச் சொன்னேன். அங்கிருந்து படிப்படியாகக் கீழே இறக்கினேன். ஓரிடத்தில் குரல் போய் வெறும் காற்று வந்தது. அங்கிருந்து இரண்டு படி மேலே வந்து ஒரு கோடு போட்டேன். பிறகு மேலே ஏற்றினேன். ஏறும்போது காதைவிடக் கண்ணுக்குத்தான் வேலை. மோவாய் தூக்கிக்கொள்ளும், கழுத்து நரம்பு தெரியும், புருவம் ஏறும். அதில் ஏதாவது ஒன்று தென்பட்டதும் இரண்டு படி இறங்கி இன்னொரு கோடு. அந்த ஆசிரியைக்குக் கீழ்க்கோடு நடு சி-க்குக் கீழே உள்ள 5. மேல்கோடு நடு சி-க்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள 1. எண்ணிப் பார்த்தால் பதினேழு படி.

அடுத்து பாட்டை அளக்க வேண்டும். அவர் பாட விரும்பிய பாட்டு கீழே மந்திர ஸ்தாயி பெரிய நி வரை இறங்குகிறது, அதாவது ‘ச’-வுக்கு ஒரு படி கீழே. மேலே தார ஸ்தாயி பெரிய ரி வரை ஏறுகிறது, ‘ச’-விலிருந்து பதினான்கு படி. மொத்தம் பதினைந்து. தொண்டை பதினேழு, பாட்டு பதினைந்து, மிச்சம் இரண்டு. அப்படியென்றால் பாட்டை வைக்க மூன்று இடம் இருக்கிறது: 5½, 6, 6½. ஐந்தரையில் வைத்தால் அடி சரியாகக் கீழ்க்கோட்டில் உரசும், ஆறரையில் வைத்தால் உச்சி மேல்கோட்டில் முட்டும். ஆறில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு படி காற்றோட்டம். ஆறில் வைத்தோம். அவர் நம்பவில்லை. “ஐந்தரைதானே அண்ணா என் சுருதி?” என்று மூன்று முறை கேட்டார். பாடிப் பார்த்ததும் கேட்பதை நிறுத்திவிட்டார்.

எண்கள் சரியாக வந்தும் பாட்டு சிரமப்படுவது உண்டு. உச்சச் சுரத்தில் எந்த எழுத்து விழுகிறது என்று பாருங்கள். ‘ஆ’ விழுந்தால் பெரும்பாலான தொண்டைகள் திறந்துகொள்ளும், ‘ஈ’ விழுந்தால் பலருக்கு இறுகிவிடும். உச்சியைத் தொட்டுவிட்டு இறங்குகிறதா, அங்கேயே நான்கு தட்டு நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள். ஒரே உயரம் உள்ள இரண்டு பாட்டில் ஒன்று சுகமாகவும் ஒன்று வதையாகவும் இருப்பது இதனால்தான். நின்று இழுக்கிற பாட்டாக இருந்தால் மேல்கோட்டிலிருந்து இன்னொரு படி கழித்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் குளிர்சாதனம் ஓடுகிறது, பாடுகிறவர் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வருகிறார் என்றாலும் ஒரு படி கழியுங்கள்.

கூட்டமாகப் பாடும்போது அளக்க முடியாது, ஆனால் சுருதி கொடுக்கலாம். விழா தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்தை யாராவது ஒருவர் வாய்க்கு வந்த இடத்தில் எடுத்து, இரண்டாவது வரியில் பாதிப் பேர் மேலே போக முடியாமல் கீழே குதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். 55 நொடியில் பாடி முடிக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணையே இருக்கிறது. அதற்கு முன் மூன்று நொடி ‘ச’-வை அழுத்திக் கொடுங்கள் என்பது அடியேனின் ஆணை.

பொத்தானா, விரலா?

பதிவு 2-இல், நம் ஆசிரியைக்கு 6-இல். ஏழு படி மேலே. கீபோர்டில், விரலை மாற்றாமலே ஒலியைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானை +7 வைத்துவிட்டு இரண்டிலேயே விரலை ஓட்டலாம், −5 வைத்தும் ஓட்டலாம். சுரப் பெயர் இரண்டிலும் ஒன்றுதான், ஸ்தாயி மட்டும் மாறும். பொத்தானில் தப்பு ஒன்றும் இல்லை. ஸ்கேல் சேஞ்சர் ஆர்மோனியத்தில் கட்டைகளையே நகர்த்தி வைத்துக்கொள்வது எத்தனை காலமாக நடக்கிறது! அதுவும் இதுவும் ஒன்றுதான்.

ஆனாலும் எனக்குப் பொத்தான் பயம் உண்டு. காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் ஒரு பையனுக்காக +3 வைத்திருந்தேன். அவன் பாடி முடித்ததும் பெண்ணின் அப்பா தானும் ஒரு பாட்டுப் பாடுவேன் என்று மேடை ஏறிவிட்டார். ஒத்திகையில் இல்லாத பாட்டு. அவசரத்தில் “இரண்டு கட்டை” என்று எல்லாருக்கும் விரலைக் காட்டினேன். கிட்டார் இரண்டில் புறப்பட்டது, பேஸ் இரண்டில் புறப்பட்டது, என் விரலும் இரண்டில்தான் விழுந்தது. ஒலித்தது நான்கு. மனிதர் வாயைத் திறந்தபடி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். முன்வரிசையில் சம்பந்திகள். மாமா இருந்திருந்தால் மோதிர விரலை மடக்கித் தலையில் குட்டியிருப்பார். அன்றிலிருந்து என் வழக்கம்: பாட்டு முடிந்து கைதட்டல் வரும்போதே பொத்தானைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

விரலால் மாற்றப் பழக ஒரே வழி, பாட்டைக் கட்டையாகப் படிக்காமல் சுரமாகப் படிப்பது. ‘க ம ப, ப த நி’ என்று வாயில் வந்துவிட்டால் ‘ச’-வை எங்கே நட்டாலும் மற்றவை தானாக வந்து நிற்கும். இடது கைக் கார்டுகளையும் (சேர்த்து அழுத்தும் சுரக் கூட்டுகள்) அப்படியே ச-வின் மேல், ம-வின் மேல், ப-வின் மேல் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். சி, எஃப், ஜி என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் மொழிபெயர்க்க வேண்டும். தினம் ஒரு பாட்டை 1-இலும் 4½-இலும் வாசித்துப் பாருங்கள். முன்னது முழுக்க வெள்ளை, பின்னது பெரும்பாலும் கறுப்பு. இந்த இரண்டும் பழகிவிட்டால் மற்றவை இவற்றுக்கு இடைப்பட்டவைதான்.

கிட்டாருக்குக் கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கேப்போ இருக்கிறது, புல்லாங்குழல்காரர் வேறு குழல் எடுத்துக்கொள்வார். தாள வாத்தியக்காரரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தபலாவும் மிருதங்கமும் சுருதி சேர்த்த வாத்தியங்கள். அதனால்தான் மிருதங்க வித்துவான்கள் தாழ்ந்த சுருதிக்குத் தக்கு ஒன்று, உயர்ந்த சுருதிக்கு ஹெச்சு ஒன்று என்று இரண்டு வைத்திருப்பார்கள். கடைசி நிமிடத்தில் இரண்டிலிருந்து ஆறுக்குப் போகிறோம் என்று சொன்னால் அவர் உங்களைப் பார்க்கிற பார்வையை மறக்க மாட்டீர்கள்.

நடுவில் மாற்றுவது: ஐந்து கறுப்புக் கட்டை

பாட்டுக்குள் சுருதி மாறுவது இரண்டு விதம். ஒன்றில் சுரங்கள் அப்படியே இருக்க ‘ச’ மட்டும் இடம் மாறும். மற்றதில் வீட்டையே பெயர்த்துக்கொண்டு மேலே போவது.

முதலாவதைப் புரிந்துகொள்ள ஒரு விளையாட்டு. வெள்ளைக் கட்டைகளைத் தொடவே வேண்டாம். நான்கரையை ‘ச’ ஆக வைத்து ஐந்து கறுப்புகளை வரிசையாக வாசியுங்கள்: 4½, 5½, 6½, 1½, 2½. மோகனம். தமிழ்த்தாய் வாழ்த்தின் ராகம் அதுதான் என்பதால் காதுக்கு உடனே பிடிபடும். இப்போது இடது கையில் அழுத்தியிருக்கும் ‘ச’-வை மட்டும் 5½-க்கு மாற்றுங்கள். வலது கை அதே ஐந்து கட்டை. மத்யமாவதி கேட்கும். இடது கையை 6½-க்குக் கொண்டுபோங்கள், இந்தோளம். 1½-இல் சுத்த சாவேரி. 2½-இல் சுத்த தன்யாசி. வலது கை ஒரு புதுச் சுரத்தைக்கூடத் தொடவில்லை.

சிலப்பதிகாரக் காலத்திலிருந்தே இது நம்மிடம் இருக்கிறது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழில் எதைக் குரலாக வைத்துத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்துப் பாலை, அதாவது அந்தக் காலத்து ஏழுசுர வரிசை, மாறும். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகர’த்திலும் விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூ’லிலும் இந்தத் திரிபுக் கணக்கைப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். கச்சேரியில் இதைச் சுருதி பேதம் என்கிறார்கள். தம்புரா அசையாமல் ஒரே இடத்தில் நிற்க, பாடுகிறவர் வேறொரு சுரத்தை ‘ச’ என்று கேட்பவரை நம்பவைத்துவிட்டுப் பழைய இடத்துக்குத் திரும்புவார். கத்திமேல் நடப்பது போன்ற வேலை.

மெல்லிசையில் அவ்வளவு சிரமம் இல்லை, பேஸ் நம் கையில் இருக்கிறது. இடையிசையில் பேஸ்காரர் 4½-இலிருந்து 2½-க்கு நழுவி இரண்டு ஆவர்த்தனம் (இரண்டு தாளச் சுற்று) அங்கேயே நின்றால் போதும், சிரித்துக்கொண்டிருந்த பாட்டு முகம் வாடிவிடும். திரும்பவும் 4½-க்கு வந்தால் பல்லவி தயாராக நிற்கும். வலது கையில் அப்போது பழைய ‘ச’-வில் போய் ஓய்வு எடுக்காதீர்கள். வாக்கியங்களையெல்லாம் புது ‘ச’-வில் கொண்டுவந்து முடியுங்கள். இதை மறந்தால் பேஸ் மட்டும் தனியாக எங்கோ போய்விட்டு வந்தது போல இருக்கும்.

மத்யம சுருதியும் இதற்கு உறவுதான். குறிஞ்சி போன்ற ராகங்கள் மேல் ‘ச’ வரை ஏறுவதே இல்லை. மந்திர நி முதல் நடு த வரைதான் சஞ்சாரம். ஒன்றாம் கட்டைக்காரர் அதை ஒன்றில் பாடினால் தொண்டையின் மேல்பாதி சும்மா கிடக்கும். அதனால் தம்புராவின் பஞ்சமத் தந்தியை மத்யமத்துக்கு இறக்கி, அந்த ம-வையே ‘ச’ ஆக்கிக்கொள்வார்கள். பாட்டு நான்காம் கட்டைக்கு ஏறிவிடும். கச்சேரி கடைசியில் வருகிற தாலாட்டுகள் பளிச்சென்று கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டோடு மேலே போவது

கடைசிச் சரணத்தில் பாட்டு முழுவதும் அரையோ ஒன்றோ மேலே தாவுவது மேற்கத்தியப் பாட்டுகளில் அதிகம். விட்னி ஹூஸ்டன் 1992-இல் பாடிய ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பாட்டில் எல்லா வாத்தியமும் ஓய்ந்து ஒரு கணம் அமைதி, பிறகு டிரம்மில் ஓர் அடி, ஆறிலிருந்து ஏழுக்குப் போய்விடுகிறது. கேட்கிறவர்களுக்கு மயிர் கூச்செறியும். கல்யாண மேடையில் இதைச் செய்து பார்க்க ஆசைப்படாத கீபோர்டுக்காரர் இல்லை.

நம் ஆசிரியையும் ஆசைப்பட்டார், கடைசிப் பல்லவியை ஏற்ற வேண்டும் என்று. பழைய கணக்கை எடுங்கள். இடம் மூன்று: 5½, 6, 6½. ஆறில் தொடங்கி ஒரு முழுக் கட்டை, அதாவது இரண்டு படி ஏற்றினால் ஏழு. உச்சி மேல்கோட்டைத் தாண்டிவிடும். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். தொடக்கத்துக்குச் சுகமான சுருதியைப் பார்த்துவிட்டு அங்கிருந்து ஏற்றுகிறார்கள். முடிவில் எங்கே நிற்க முடியுமோ அதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பின்னோக்கி வாருங்கள். முடிவு 6½, ஆகவே தொடக்கம் 5½. ஆக, ஐந்தரைதான் என் சுருதி என்று அவர் சொன்னது கடைசியில் பலித்துவிட்டது. “நான்தான் சொன்னேனே அண்ணா” என்றார்.

தாவுகிற இடத்தில் என்ன வாசிப்பது? புதிய ‘ச’-வின் பஞ்சமம் எதுவோ அதன்மேல் ஒரு செவன்த் கார்டு. 6½-க்குப் பஞ்சமம் 4. அந்தக் கார்டு 4, 6, 1, 2½. இந்த நான்கில் 4, 1, 2½ மூன்றும் ஐந்தரைச் சங்கராபரணத்தில் ஏற்கெனவே உள்ளவை. ஆறு மட்டும் புது ஆள். 6½-க்கு அதுதான் பெரிய நி. ‘ச’-வை நோக்கித் தள்ளுகிற சுரம். அந்த ஒரு கட்டையைச் சற்று அழுத்திக் கொடுத்தால், ஏதோ வரப்போகிறது என்று மண்டபத்தில் தூங்குகிற தாத்தாவுக்கும் தெரிந்துவிடும். ஓர் ஆவர்த்தனம் அதில் நின்றுவிட்டு அடுத்த சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டில், 6½-க்கு இறங்குங்கள். அவசரப்பட்டு அரை ஆவர்த்தனத்தில் முடித்தால் பாடுகிறவருக்குப் பிடி கிடைக்காது.

பாடுகிறவருக்கு ஒரே ஒரு குறிப்பு கொடுங்கள்: பழைய ரி-தான் புதிய ச. முதல் பல்லவியிலேயே அந்த ரி-யைப் பத்து முறை பாடியிருப்பார், தொண்டைக்கு இடம் தெரியும். ஒரே படி மட்டும் ஏற்றும்போது இந்த வசதி இல்லை. புதிய ‘ச’ பழைய பாட்டில் எங்குமே வராத சுரமாக இருக்கலாம். பதிவறையில் அது நன்றாக வரும், மேடையில் புதியவர்களுக்கு இரண்டு படியே நல்லது.

தபலாக்காரர் பழைய ‘ச’-வில் சேர்த்திருந்தால் தாவிய பிறகு ஒவ்வோர் அடியும் பழைய வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும். அவரை 2½-இல் சேர்க்கச் சொல்லுங்கள். 5½-க்கு அது பஞ்சமம், 6½-க்கு மத்யமம், இரண்டுக்கும் பொருந்தும். இரண்டு படி ஏற்றம் எங்கே நடந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இறங்குவதற்கு இவ்வளவு சடங்கு வேண்டாம். நான்கு தட்டு வாத்தியங்களை நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் போதும். ஆண், பெண் சேர்ந்து பாடும் பாட்டில் அவருக்கு ஒரு சுருதி, இவருக்கு ஒரு சுருதி என்று வந்தாலும் இடையிசையின் நடுவில் இப்படித்தான் கைமாற்றுவேன். ஒப்பாரி, தாலாட்டு, சாமி பாட்டு ஆகியவற்றில் நான் தாவுவதில்லை. எவ்வளவு கேட்டாலும் மாட்டேன் என்றுதான் சொல்வேன்.

இன்னும் ஒன்று. அளந்ததை எழுதி வையுங்கள், தேதியோடு எழுதுங்கள். என்னிடம் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. ஆளுக்கு ஒரு பக்கம், கீழ்க்கோடு, மேல்கோடு, எந்தப் பாட்டு எந்தக் கட்டை. எல்லாம் பென்சிலில்தான், ஏனென்றால் அழிக்க வேண்டிவரும். எங்கள் குழுவில் ஆரம்ப காலத்திலிருந்து பாடுகிற ஓர் அம்மாவின் பக்கத்தில் ஒரு பாட்டுக்கு நேராக 1998-இல் ஆறு என்று இருக்கிறது. 2009-இல் அதை அடித்து ஐந்தரை. 2019-இல் ஐந்து. இப்போது நான்கரை. எண்ணை நான் அவரிடம் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. போன மாதம் ஒரு கோயில் திருவிழாவில் அந்தப் பாட்டை முடித்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் வந்தார். “இன்றைக்குத் தொண்டை நன்றாக இருக்கிறது தம்பி, ஆறிலேயே பாடிவிட்டேன் பார்த்தீர்களா?”

“ஆமாம் அக்கா” என்றேன், பொத்தானைப் பூஜ்யத்துக்குத் திருப்பிக்கொண்டே.